வலிக்கும்போது படுப்பாரா, நடப்பாரா?

"தலைவலின்னா மனுஷன் போர்த்திக்கிட்டுப் படுப்பான். இவன் என்னடான்னா ராத்திரி ஒண்ணரை மணிக்குக் கூடத்துல ஓட்டப்பந்தயம் ஓடுறானே!"

என் மாமியார் சொன்னது இது. பாதி கேலி, பாதி கவலை. என் கணவருக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிக்கத் தேவையான துப்பு அந்த வாக்கியத்திலேயே இருந்தது. ஆனால், எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. தெரிவதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குள் ஒரு நல்ல பல் போயிற்று, மூக்கில் ஓர் ஆபரேஷன் நடந்தது, இரண்டு மூக்குக்கண்ணாடி மாற்றியாயிற்று, சமயபுரத்தில் ஒரு மொட்டை... கூடவே பாங்க்கில் அவருக்கு வரவேண்டிய புரமோஷனும் கையை விட்டுப் போயிற்று.

அந்த வியாதிக்குப் பெயர் கிளஸ்டர் தலைவலி. தமிழில் கொத்துத் தலைவலி என்கிறார்கள். ஆறேழு வாரம் தினந்தோறும் கொத்தாக வந்து வதைத்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் தலைகாட்டாமல் இருக்கும். அதனால் அந்தப் பெயர். ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு. அப்படியானால் உங்கள் தெருவிலோ, ஆபீஸிலோ, சொந்தத்திலோ ஒருவர் 'சைனஸ்' என்று நினைத்துக்கொண்டு இதை அனுபவித்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் எங்கள் வீட்டுக் கதையைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

எப்படி இருக்கும் இந்த வலி? ஒரே பக்கம்தான் வரும். இவருக்கு இடது பக்கம். கண்ணுக்குள்ளேயும் நெற்றிப்பொட்டிலும் பழுக்கக் காய்ச்சின கம்பியைச் செருகித் திருகுகிற மாதிரி என்பார். அந்தக் கண் மட்டும் சிவந்து தண்ணீராகக் கொட்டும். அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒழுகும். இமை லேசாகத் தொங்கிப்போகும். குறைந்தது கால் மணி நேரம், போனால் மூன்று மணி நேரம். அப்புறம் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும்! ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறவர்களும் உண்டு. ஒரே நாளில் எட்டுத் தடவை வருகிறவர்களும் உண்டு.

இதில் முக்கியம் கடிகாரம். பலருக்குத் தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரும். தூங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுப்பிவிடும். வருஷத்திலும் ஒரே பருவத்தில் வருவது சகஜம். இவருக்குக் கார்த்திகை தீபம் கழிந்து ஆரம்பித்தால் தைப்பூசத்தை ஒட்டி நிற்கும். உடம்பின் தூக்க-விழிப்பு நேரத்தைக் கவனித்துக்கொள்கிற ஹைப்போதலாமஸ் என்ற பகுதி மூளையின் அடியில் இருக்கிறது. இந்த வலி வரும்போது அந்த இடம் சுறுசுறுப்பாவதை 1998-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் ஸ்கேனில் பிடித்துக் காட்டினார்கள்.

இன்னொன்று, என் மாமியார் கவனித்தது. ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன்காரர் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். அசைந்தாலே வலி கூடும். கொத்துத் தலைவலிக்காரரால் படுக்கவே முடியாது. நடப்பார், உட்கார்ந்து ஆடுவார், சுவரில் தலையை இடிப்பார்.

இதெல்லாம் நேற்று கண்டுபிடித்த சங்கதியா? இல்லை. 1926-லேயே லண்டனில் வில்ஃப்ரெட் ஹாரிஸ் என்ற நரம்பியல் டாக்டர் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். 1939-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பேயர்ட் ஹார்ட்டன் விரிவாக எழுதினார். 'கொத்து' என்ற பெயர் 1952-ல் வந்தது. அப்படியிருந்தும் கண்டுபிடிப்பதில் தாமதம் உலகம் பூராவும் உண்டு. 2004-ல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வின்படி, 1960-களில் வலி ஆரம்பித்தவர்களுக்குச் சரியான பெயர் கிடைக்கச் சராசரியாக இருபது வருஷத்துக்கு மேல் ஆனதாம். 1990-களில் ஆரம்பித்தவர்களுக்கு அது இரண்டரை வருஷமாகக் குறைந்தது. குறைந்ததே என்று சந்தோஷப்படுவதா, இரண்டரை வருஷமா என்று வருத்தப்படுவதா? 2003-ல் வந்த டச்சு ஆய்வில், நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முதலில் பல் டாக்டரிடமும், அதே அளவு பேர் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடமும் போய் வந்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாங்கள் இரண்டு பேரிடமும் போனோமே!

ஏன் இவ்வளவு தாமதம்? டாக்டர்களுக்குத் தெரியாது, அவசரம், கமிஷன்... இப்படித்தான் பேசுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசினேன். இப்போது எனக்கு வேறு அபிப்பிராயம். இந்த வியாதி ஒரு பொய்ச்சாட்சி. தப்பான வைத்தியத்துக்கெல்லாம் 'இதுதான் குணப்படுத்தியது' என்று சாட்சி சொல்லிக் கொடுத்துவிடும்.

எங்கள் கதையைக் கேளுங்கள். 2009 டிசம்பரில் முதல் தடவை வந்தது. அவருக்கு அப்போது வயது முப்பத்தி நாலு. கண்ணில் வலி, கண் சிவப்பு. கண் டாக்டரிடம் போனோம். (அதில் தப்பே இல்லை. கண் அழுத்த நோயிலும் இப்படி வரும். அதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.) கண் அழுத்தம் சரியாக இருந்தது. பவர் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று புதுக்கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஜனவரிக் கடைசியில் வலி நின்றது. "பார்த்தியா, கண்ணாடிதான் காரணம்" என்றோம்.

2010 டிசம்பரில் மறுபடி. இந்தத் தடவை மேல்கடைவாயில் வலி இறங்கியது. கண், கன்னம், மேல் பல்வரிசை மூன்றுக்கும் உணர்ச்சி தருவது ட்ரைஜெமினல் என்ற ஒரே நரம்புதான். அதன் கிளைகள்தான் எல்லா இடத்துக்கும் போகின்றன. இது எங்களுக்கு எங்கே தெரியும்? பல் டாக்டர் வேர் சிகிச்சை செய்தார், பிறகு பல்லையே பிடுங்கினார். வலி நிற்கவில்லை. அடுத்து மூக்கு டாக்டர். ஸ்கேனில் சைனஸில் லேசாகச் சளி, மூக்குத் தண்டும் கொஞ்சம் வளைவு. நம்மில் எத்தனையோ பேருக்கு இருப்பதுதான். 2011 ஜனவரிக் கடைசியில் ஆபரேஷன். பத்தே நாளில் வலி போயே போச்சு!

அந்த வருஷம் மார்கழி வந்தது, வலி வரவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். என் தம்பியின் மாமனாருக்கு சைனஸ் என்றபோது, "அந்த டாக்டர்கிட்டயே போங்க" என்று நானே சிபாரிசு செய்தேன். கொத்துத் தலைவலி ஒரு சீசன் வராமல் இருப்பது அதன் சுபாவம் என்று எனக்குத் தெரியாது. 2012 டிசம்பரில் திரும்பி வந்தபோது, "ஆபரேஷன் பண்ணின இடத்துல மறுபடி வளர்ந்திருக்கும்" என்று நாங்களே முடிவு கட்டினோம். அப்போதுகூட ஆபரேஷனைச் சந்தேகப்படவில்லை. அவ்வளவு பலமான சாட்சி!

அப்புறம் சமயபுரத்து வேண்டுதல். தை பிறந்ததும் மொட்டை போட்டார். தைப்பூசத்தோடு வலி நின்றது. அம்மன் காப்பாற்றினாள். அடுத்த சீசனில் மைக்ரேன் மாத்திரை. அதற்கும் அதே காலக்கெடுவில் 'குணம்' கிடைத்தது. ராத்திரியிலும் இதே கதைதான். வலி வந்ததும் பாராசிட்டமால் போடுவார், நான் பத்துப் போடுவேன், அத்தை வெந்நீரில் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார். ஒரு மணி நேரத்தில் வலி அடங்கும். தானாக அடங்குகிற நேரம் அதுதான்! ஆனால், மூன்று பேரும் 'என் வைத்தியம்தான் கேட்டது' என்று நினைத்துக்கொள்வோம்.

தானாகப் போகிற வலி, கடைசியாகத் தொட்டவருக்குப் பெருமையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. டாக்டரும் அதையே நம்புகிறார். அவரிடம் நோயாளி திரும்பி வரவில்லையே! அடுத்த வருஷம் வேறு டாக்டரிடம் அல்லவா போகிறோம்? கண் டாக்டருக்குப் பல் போனது தெரியாது. பல் டாக்டருக்கு மூக்கு ஆபரேஷன் தெரியாது. வருஷா வருஷம் மார்கழியில் வருகிறது என்ற முழுக்கதையும் தெரிந்த இடம் எங்கள் வீடு ஒன்றுதான். அந்த வீடோ வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் என் பங்கு உண்டு. 2013 டிசம்பரில் ஆபீஸ் நண்பர் ஒருவரின் ரிடயர்மென்ட் விருந்து. வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் ஒரு பெக் சாப்பிடுகிறவர். அன்று சாப்பிட்டார். வீடு வந்து சேருவதற்குள் வலி பிடித்துக்கொண்டது. கண் ரத்தச் சிவப்பு, மூக்கு ஒழுகல், நடையில் தடுமாற்றம், சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுகை. பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? "குடிச்சா இப்படித்தான் வரும், நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொத்து சீசனில் மது ஒரு வாய் உள்ளே போனாலும் பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி கிளம்பிவிடும். சீசன் இல்லாத மாதங்களில் அதே மது ஒன்றும் செய்யாது. இது இந்த வியாதியின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. ஒரு நல்ல டாக்டரிடம் சொல்லியிருந்தால் சட்டென்று பிடித்திருப்பார். நாங்களோ அதைக் குடும்ப மானமாக நினைத்து மூடி மறைத்தோம். அவரும் டாக்டரிடம், "பழக்கம் ஒண்ணும் இல்ல சார்" என்றே சொல்லி வந்தார். இந்த நோயாளிகளில் சிகரெட் பிடிப்பவர்கள் அதிகம். அதையும் மனைவி பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டார்கள், மனைவி இல்லாவிட்டால் டாக்டர் கேட்க மாட்டார்! (இவருக்கு அந்தப் பழக்கமும் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது வேறு கச்சேரி.)

2014-ல் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எல்லாம் நார்மல். நார்மல் என்று தெரிந்த அன்று சந்தோஷப்பட்டோம். அன்றைக்கே அவரைச் சந்தேகப்படவும் ஆரம்பித்தோம். "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லையாமே!" என்பது எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு தீர்ப்பாகிவிட்டது. டென்ஷன், மனசு சரியில்லை, வேலைக்குப் போகச் சோம்பல். கொத்துத் தலைவலியைக் காட்டுகிற ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. அதே மாதிரி வலி தரக்கூடிய வேறு கோளாறு, பிட்யூட்டரி கட்டி போன்றது, இல்லை என்று உறுதி செய்யத்தான் ஸ்கேன். அதை எடுத்தது சரி. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவரைப் பொய்யராக்கியதுதான் தப்பு.

அந்த சீசனில் ஒரு ராத்திரி கண்விழித்தபோது ஆள் பக்கத்தில் இல்லை. தேடிப் போனால் மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே பார்த்துக்கொண்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்தேன். இந்த வலிக்கு 'தற்கொலைத் தலைவலி' என்றே ஒரு பட்டப்பெயர் இருப்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால், அல்லது பேசாமல் அப்படி நின்றால், அதையும் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பெரிய நிபுணர் இல்லை. 2016 ஜனவரி, ராத்திரி இரண்டு மணி. சுவரில் முட்டி நெற்றி கிழிந்துவிட்டது. தையல் போட ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓடினோம். அங்கே இருந்தது ஒரு சின்ன வயது டியூட்டி டாக்டர். என் பெண்ணைவிட நாலைந்து வயது கூட இருப்பாள். இவர் கட்டிலில் உட்கார மாட்டேன் என்று கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

"வலி வந்தா எப்பவும் இப்படி நடப்பாராம்மா, இல்ல படுப்பாரா?"

"நடப்பாரும்மா."

"எப்பவும் இந்தக் கண்ணுதானா? எத்தனை மணிக்கு வரும்? எவ்வளவு நேரம் இருக்கும்? போன வருஷமும் இதே மாசம் வந்துச்சா?"

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டு, பை வைத்த மாஸ்க் போட்டு ஆக்ஸிஜனை வேகமாகத் திறந்துவிடச் சொன்னாள். பன்னிரண்டாவது நிமிஷமோ பதின்மூன்றாவது நிமிஷமோ, இவர் தானாகக் கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "போயிடுச்சு" என்றார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வலி தன் நேரத்துக்கு முன்னால் போனது.

மறுநாள் நரம்பியல் டாக்டர் அதையே உறுதிப்படுத்தினார். வலி வந்த பிறகு நிறுத்துவதற்கு ஒன்று, வராமல் தடுப்பதற்கு ஒன்று என இரண்டு வகை வைத்தியம் உண்டு என்றார். நிறுத்துவதற்கு ஆக்ஸிஜன், அல்லது சுமட்ரிப்டான் ஊசி. இந்த ஊசி இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. தடுப்பதற்கு முக்கியமாக வெரபமில் மாத்திரை. இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் அவ்வப்போது ஈ.சி.ஜி. எடுத்துத்தான் அளவைக் கூட்டுவார்கள். அது வேலை செய்யும்வரை கொஞ்ச நாள் ஸ்டீராய்டு. எதையும் நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிவிடாதீர்கள். பாராசிட்டமால் இதற்குக் கேட்கவே கேட்காது. சாதாரண மாத்திரை வயிற்றில் கரைவதற்குள் வலியே முடிந்துவிடும்.

ஆக்ஸிஜன் விஷயத்தில் எனக்கு ஆற்றாமை அதிகம். 2009-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிஷம் ஆக்ஸிஜன் கொடுத்துப் பார்த்தார்கள். 78 சதவிகிதத் தாக்குதல்களில் வலி போனது, அல்லது போதுமான அளவு குறைந்தது. வெறும் காற்றைக் கொடுத்தபோது 20 சதவிகிதம்தான். கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 180 லிட்டர். 1,500 லிட்டர் பிடிக்கிற சிலிண்டர் எட்டுத் தடவைக்கு வரும். வாடகைக்குக் கிடைக்கிற பொருள்தான். இவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த 2010-லேயே இது அச்சில் இருந்தது! 2021 கொரோனா அலையில் நாமெல்லாம் ஆக்ஸிஜன் என்ற வார்த்தையைப் பயத்தோடு கற்றுக்கொண்டோம். அப்போது வாங்கிய கான்சென்ட்ரேட்டர் மெஷின் பல வீடுகளில் தூங்குகிறது. அதில் பெரும்பாலும் ஐந்து லிட்டர்தான் வரும். இந்த வலிக்கு அந்த வேகம் போதாது. நுரையீரல் வியாதி உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்டே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, சிலிண்டர் பக்கத்தில் நெருப்பு கூடாது. எங்கள் வீட்டில் பூஜை அலமாரியையே இடம் மாற்றினோம்.

டாக்டர்கள்மேல் குறையே இல்லையா என்கிறீர்களா? உண்டு. ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிற டாக்டருக்கு ஆயிரத்தில் ஒரு வியாதி உடனே ஞாபகம் வராது, அது புரிகிறது. ஆனால், தலைவலி என்று வருகிறவரிடம் 'எத்தனை நாளா?' என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்கேனுக்கு எழுதுவதைவிட, 'வந்தால் என்ன செய்வீர்கள்? படுப்பீர்களா, நடப்பீர்களா?' என்று கேட்க எத்தனை வினாடி ஆகும்? கூட வந்தவரை ஏன் வெளியே பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும்? பகல் பதினோரு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிற இவரைத்தான் அத்தனை டாக்டர்களும் பார்த்தார்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு இவர் எப்படி இருப்பார் என்று பார்த்தது நானும் என் மாமியாரும். ஆம்பளை இல்லையா, "கொஞ்சம் தலைவலி சார்" என்றுதான் இவர் சொல்வார். பெண்களுக்கு வந்தால் கதை இன்னும் மோசம். இது ஆண்களுக்குத்தான் அதிகம் என்பதால், அவர்களுக்கு மைக்ரேன் என்றோ 'அந்த வயசு' என்றோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே, உள்ளே நீங்களும் போங்கள். 'நீங்க வெளிய இருங்க' என்றால், 'ராத்திரி பார்த்தது நான்தான் டாக்டர்' என்று சொல்லுங்கள். தினசரி காலண்டர் தாளிலேயே எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது, எந்தக் கண் என்று கிறுக்கி வைத்து, அந்தத் தாள்களைக் கொண்டுபோங்கள். செல்போனில் அரை நிமிஷம் வீடியோ எடுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை. ஆனால், வாழ்நாளில் வராத கடுமையான தலைவலி திடீரென்று வந்தாலோ, காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் சேர்ந்து வந்தாலோ காலண்டர் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது வேறு விஷயம்.

போன மாதம் எனக்குப் பல்லில் கூச்சம். அதே பல் டாக்டரிடம்தான் போனேன், நல்ல மனிதர். இவருடைய கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பல்லுல எக்ஸ்-ரேயில பெரிசா ஒண்ணும் தெரியலம்மா. வலிக்குதுன்னு அவர் அழுதாரு, எடுத்துட்டேன்" என்றார். பிறகு ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாளை எடுத்து, "அந்த டியூட்டி டாக்டர் என்னென்ன கேட்டாங்க? ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டார். எழுதியதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துவிட்டு, என் பல்லைப் பார்த்தார்.